நாவின் முடிச்சு அவிழட்டும்

 

தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு நபி மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் இறைஞ்சியதை சூரா தாஹா எடுத்துரைக்கின்றது. ஒரு நபிக்கே பேச்சில் சிரமம் இருந்ததென்றால், அது ஒரு குழந்தைக்கு எவ்வாறு இழிவாகும்?

பிஸ்மில்லாஹ்வின் முதலெழுத்தாகிய 'பா'வை மொழிவதற்கு வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். அண்ணம் பிளவுபட்ட பிள்ளைக்கு அக்காற்று மூக்கினால் வெளியேறிவிடுகின்றது. குர்ஆன் மத்ரஸாவில் "மூக்கால் ஓதுகிறான்" எனச் சகபிள்ளைகள் நகைக்கின்றனர். பிள்ளை ஓதுவதையே நிறுத்திவிடுகின்றது.

பெற்றோர்களே! பால் அடிக்கடி மூக்கினால் வழிந்தால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களுக்குள், பேச்சு வளருமுன், சத்திரசிகிச்சை மூலம் பிளவை மூடுவர். அத்துடன் கடமை முடிவதில்லை. பேச்சுப் பயிற்சியும் செவிப் பரிசோதனையும் தொடரவேண்டும். பின்னரும் மூக்கொலி நீடிப்பின், மற்றொரு சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

"அல்லாஹ்வின் நாட்டம்" எனக் கூறி வாளாவிருப்பது தவக்குல் ஆகாது. நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள்.

இளைஞர்களே! தெளிவற்ற சொல்லைக் கேட்டு நகையாதீர்கள், பொறுமையுடன் செவிசாயுங்கள்.

யா அல்லாஹ்! எம் பிள்ளைகள் அனைவரும் உன் திருநாமத்தைத் தெளிவுற மொழிய அருள்புரிவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.