சதுரங்கப்பட்டினம் கோட்டை



சென்ற மாதம் தாம்பரத்திலிருந்து புறப்பட்டு, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குச் சென்றோமல்லவா? 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் எழுப்பிய செங்கற்கோட்டை அது. சுற்றுக் கிராமத்தார் நெய்த மெல்லிய மஸ்லின் துணி அங்கிருந்துதான் கப்பலேறிற்று. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கோட்டை ஆங்கிலேயருக்கு உரியதாயிற்று. பின்னர் பாழடைந்து கிடந்ததை இந்தியத் தொல்லியல் துறை செப்பனிட்டுக் காத்து வருகிறது. டச்சுக்காரரின் கல்லறைகளில் பெயர்கள் அழகாகச் செதுக்கப்பட்டுள்ளன. நெய்தவர் பெயரை நான் எங்கும் காணவில்லை.

திரும்புகையில் ஓர் அங்கத்தினர், தம் ஊர் ஏரியின் பழைய மதகுக் கல்லொன்று, எழுத்துக்களோடு, குளத்தங்கரையில் துவைகல்லாகக் கிடப்பதாகச் சொன்னார். அதை மதகடியிலேயே நிறுத்த அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறார். எழுத்தைப் படித்துத் தருமாறு தொல்லியல் துறைக்கு நான் எழுதுகிறேன். அதுவரை அதன்மேல் துவைக்க வேண்டாமென்று வீட்டில் சொல்லி வையுங்கள்.