புளியின் கைவாகு



கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு செல்வோர்க்கு, எல்லை கடந்த பின்னும் அடுக்களை புதிதாகத் தோன்றாது. அங்குள்ள தமிழர் இல்லங்களிலும் ரசத்திற்குப் புளியமரத்துப் புளியே. ஆனால், போடிமெட்டு ஏறி இடுக்கி மாவட்டத்திற்குள் புகுந்தால், மீன்குழம்பில் வேறொரு புளியைக் காண்போம். பழத்தோலை உலர்த்திப் புகையூட்டிக் கருக்கிய குடம்புளி அது. நாவில் வைத்தால் இரண்டிற்கும் புளிப்பு என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வோம். ரசாயனமோ இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்டுகிறது.

முதலில் ஒற்றுமையைக் காண்போம். புளிப்புக்குக் காரணம் அமிலம். ஹைட்ரஜன் அயனியை ஈவது அமிலம், அதனை ஏற்பது காரம் என்று 1923இல் பிரான்ஸ்டெட், லௌரி என்னும் இரு அறிஞர்கள் தனித்தனியே வரையறுத்தனர். பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் தேய்க்கும்போது நடப்பதும் இந்த ஈதலும் ஏற்றலுமே. களிம்பு காரத்தன்மை உடையது. புளியின் அமிலம் அதனைக் கரைத்துவிடுகிறது.

இனி வேற்றுமை. புளியமரத்துப் புளியில் மிகுந்திருப்பது டார்டாரிக் அமிலம். திராட்சை மதுத் தொட்டிகளில் படிவதும் இதன் உப்பே. 1848இல் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் இவ்வமிலத்தின் உப்பொன்றை ஆராய்ந்தபோது, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்த இருவகைப் படிகங்களைக் கண்டு, அவற்றைத் தனித்தனியே பொறுக்கி எடுத்தார். ஒரு வகையின் கரைசல் ஒளித்தளத்தை வலப்புறம் திருப்பியது. மற்றது இடப்புறம் திருப்பியது. கரி அணு தன் நான்கு கைகளையும் நான்கு திசையில் நீட்டி நிற்பதே இதற்குக் காரணம் என 1874இல் வாண்ட் ஹாஃப், லெபெல் இருவரும் விளக்கினர். நான்கு கைகளும் நான்கு வெவ்வேறு தொகுதிகளைப் பற்றியிருந்தால், அவற்றை வலவாகு, இடவாகு என இருவிதமாக அடுக்கலாம்.

ஒரு சோடிச் செருப்பை எண்ணிப் பாருங்கள். தராசில் இட்டால் இரண்டும் ஒரே எடை. காலில் இட்டால்தான் வேறுபாடு தெரியும். அவ்வாறே கண்ணாடிப் பிம்பமான இரு அமிலங்களும் நீரில் ஹைட்ரஜன் அயனியை ஈயும் வலிமையில் வேறுபடா. நம் உடலிலுள்ள நொதிகளோ காலைப் போன்றவை. பொருந்தும் வடிவத்தையே ஏற்கும்.

குடம்புளியின் அமிலமும் டார்டாரிக், சிட்ரிக் அமிலங்களே என்று முன்னர்க் கருதப்பட்டது. 1965இல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் லூயிசும் நீலகண்டனும், அது ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று நிறுவினர். இதற்கு நான்கு வடிவங்கள் உண்டு. குடம்புளியில் இருப்பது ஒன்று. புளிச்சை இனத்துச் செடிகளில் இருப்பது மற்றொன்று. உடலில் கொழுப்பு உண்டாக உதவும் ஒரு நொதியைக் குடம்புளி வடிவம் தடுப்பதை 1969இல் அமெரிக்காவில் லோவன்ஸ்டைன் குழுவினர் கண்டனர். மற்ற வடிவங்களுக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். இவ்வமிலம் தானாகவே நீரை இழந்து மடங்கிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே அதனைக் காரத்துடன் சேர்த்துச் சுண்ணாம்பு உப்பாகவோ பொட்டாசிய உப்பாகவோ மாற்றி, உடல் இளைக்கும் மாத்திரையென ‘கார்சினியா’ என்ற பெயரில் விற்கின்றனர். மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர், ‘நம் மலைப்புளிதானே’ என்று இதனை நம்பிவிடக் கூடும். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், 135 பேரை 12 வாரம் சோதித்தும், வெற்று மாத்திரை உண்டவரைவிட இதனை உண்டவர் மிகுதியாக இளைக்கவில்லை. இத்தகைய மாத்திரைகளை உண்டோர் சிலருக்கு ஈரல் பழுதுற்றதாகவும் மருத்துவ ஏடுகள் பதிந்துள்ளன.

சோதனைக் குழாயில் ஒரு நொதியைத் தடுப்பது வேறு. மனித உடலை இளைக்கச் செய்வது வேறு. குழம்பிலிடும் இரண்டு சுளையும் செறிவூட்டிய மாத்திரையும் ஒன்றல்ல. மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்போம். புளியைக் குழம்பிலேயே சுவைப்போம்.