வெற்றேட்டுக்கு வரியா?

(மாத்தளையில் தோட்டத் தொழிலாளரும் இளைஞரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



பாடுபட்டவனுக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்பது நமது கொள்கை. கொழுந்து கொய்யும் கரத்திற்கு எது நீதியோ, பாட்டுக் கட்டும் புலவனுக்கும் பண் அமைக்கும் கலைஞனுக்கும் அதுவே நீதி. அவர்களுடைய படைப்பைத் திருட்டுப் பிரதியாக்கி விற்றுப் பொருள் குவிப்போர், அவர்கள் வீட்டு அடுப்பை அணைப்போர் ஆவர். இதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆயின், இழப்பை யாரிடமிருந்து ஈடு செய்வது? உலகில் சில நாடுகள் ஒரு வழி வகுத்துள்ளன. எதுவும் பதியப்படாத ஒலிநாடா, இறுவட்டு, நினைவக அட்டை முதலியவற்றின் விலையோடு ஒரு வரியைச் சேர்த்து, அப்பணத்தைக் கலைஞர்களுக்குப் பங்கிடுவதே அவ்வழி. நமது 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் இவ்வரியை விதிக்கவில்லை. நாளை இங்கும் அது வேண்டும் என்று கேட்போர் எழலாம். அதற்கு முன்னரே நாம் சிந்தித்துத் தெளிதல் வேண்டும்.

இவ்வரி பிறந்த வரலாறு என்ன? ஒலிப்பதிவுக் கருவி செய்வோர், தம் விற்பனை வருவாயில் நூற்றுக்கு 5 வரை படைப்பாளருக்கு ஈடாக வழங்க வேண்டுமென 1965இல் மேற்கு ஜேர்மனி சட்டம் செய்தது. 1985இல் வெற்று நாடாக்களுக்கும் அதனை விரித்தது. அமெரிக்கா 1992இல் இலக்கமுறை ஒலிப்பதிவுக் கருவிக்கு நூற்றுக்கு 2, அதற்குரிய வெற்று நாடாவுக்கும் தகட்டுக்கும் நூற்றுக்கு 3 என விதித்தது. கனடா 1997இல் சட்டம் இயற்றிற்று. பின்னர் அங்கே ஒரு வெற்று இறுவட்டுக்கு 29 சதம் வரையில் வரி ஏறியது.

தோழர்களே, ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள்! வீட்டில் ஒருவன் தன் சொந்த உபயோகத்திற்காக எடுக்கும் பிரதிக்கே இந்த ஈடு வகுக்கப்பட்டது. களவுக்கு ஈடாக அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே இதனைத் தெளிவாக்கியுள்ளது. தொழிலுக்கென வாங்கும் வெற்றுத் தகடுகள் மீதும் வேறுபாடின்றி இவ்வரியைச் சுமத்துவது முறையன்று என்று 2010இல் ஸ்பெயின் நாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. களவாடிய மூலத்திலிருந்து எடுக்கும் பிரதிகளின் நட்டத்தை இவ்வரியில் ஏற்றலாகாது என்று 2014இல் நெதர்லாந்து வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. கள்வன் செய்த குற்றத்திற்கு நேர்மையாளன் தண்டம் கட்டலாகாது என்பதே இதன் பொருள். கனடா அரசும் 2012இல் நுண் நினைவக அட்டைகளுக்கு இவ்வரியிலிருந்து விலக்களித்தது.

இனி நமது மலைக்கு வருவோம். எல்கடுவையிலும் ரத்தோட்டையிலும் ஒரு தொழிலாளியின் மகள் நினைவக அட்டை ஒன்றை வாங்குகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் எதைப் பதிவாள்? காமன் கூத்தைப் பதிவாள்; பாட்டியின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவாள். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்த நம் முன்னோர், சோற்று மூட்டையோடு சுமந்து வந்த சொத்து அப்பாடல்கள். அவற்றைக் கட்டியவர் பெயர் எந்தச் சங்கத்தின் ஏட்டிலும் இல்லை. ஆகவே வரிப்பணத்தில் ஒரு சதமும் அம்மக்களை வந்தடையாது. பாட்டியின் தாலாட்டைப் பதியும் பேத்தி, எங்கோ விற்கப்படும் திரைப்பாட்டின் களவுக்குத் தண்டம் கட்டுவதா? ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காகப் பல்லாண்டு போராடி 2021இல் அதனைப் பெற்ற மக்கள் மீது இச்சுமையும் ஏறுவதா?

மாத்தளை மண் இதனைக் கேட்க உரிமை பெற்ற மண். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், வாய்மொழியாக வழங்கிவந்த திரிபிடகம் இங்குள்ள அலுவிகாரையிலேதான் வெற்றோலைகளில் எழுதப்பெற்றது என்பது வரலாறு. எழுதிய ஏடே மறையைக் காத்தது. பின்னர் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதித்தான் ஆங்கில ஆளுநன் டொறிங்டன். 1848இல் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சியை அடக்கிய படையினரால் அலுவிகாரையும் அழிவுற்றது. ஏட்டின் அருமையும் வரியின் கொடுமையும் அறிந்த ஊர் இது!

அப்படியானால் கலைஞனைக் கைவிடுவதா? இல்லை. நமது கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, இலாபத்திற்காகத் திருட்டுப் பிரதி விற்போரையும், அதனை இணையத்தில் பரப்பிப் பணம் பண்ணுவோரையும் இருக்கின்ற சட்டத்தின்படியே தண்டியுங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்புரிமை மீறலைக் குற்றமாக்கியிருக்கின்றது.

இரண்டாவது, என்றேனும் இவ்வரி வருமாயின், பள்ளிக்கூடத்திற்கும் கோயிலுக்கும் கூத்துக் குழுவுக்கும் விலக்களியுங்கள். கேட்டுத் திரும்பப் பெறும் விலக்கு ஏழைக்கு எட்டாது. விற்கும்போதே விலக்கு வேண்டும்.

மூன்றாவது, நாட்டார் கலைக்குரிய பங்கைத் தாருங்கள். நாட்டார் கலையை வணிகத்திற்குப் பயன்படுத்துவோர் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும், அப்பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவாக வேண்டும் என்று அதே சட்டம் கூறுகின்றது. சட்டத்தில் உள்ளது தோட்டத்திற்கு வரட்டும்! ஸீ. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலையகத்தின் நாட்டார் பாடல்களைத் திரட்டித் தந்தார்கள். அப்பணியைத் தொடரும் இளைஞனுக்கு அரசு தரவேண்டியது ஊக்கம், வரிச்சீட்டு அன்று.

கலைஞனின் கூலியும் தொழிலாளியின் கூலியும் ஒரே நீதியின் இரு கண்கள். ஒன்றைக் குத்தி மற்றொன்றுக்கு மருந்திடாதீர்கள். கள்வனைப் பிடியுங்கள்; கலைஞனுக்குக் கொடுங்கள்; ஏழையின் வெற்றேட்டை விட்டுவிடுங்கள்!