கொல்லைப்புறக் கீரையும் நம் இல்லத்துப் பெண்களின் நலமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

ஏக இறைவன் நமக்கு அருளிய நிஃமத்துகளுள், விலையின்றிக் கிடைப்பதாலேயே நாம் மதிக்க மறந்தவை கொல்லைப்புறக் கீரைகள். முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி ஆகியவற்றை விருந்தினர் முன் வைக்கவும் இன்று தயங்குகிறோம்.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளது. நம் மஹல்லாப் பெண்மக்கள் இக்கணக்கிற்குப் புறம்பானவர்கள் என எண்ணிவிடலாகாது. சோர்வையும் தலைசுற்றலையும் பெண்களுக்கு இயல்பென ஒதுக்கினால், பேறுகாலத்தில் அதுவே தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகிறது.

100 கிராம் முருங்கைக்கீரையில் ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் இரும்புச்சத்தும், 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்தும் உள்ளன. அதே அளவு பசும்பாலில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 120 மில்லிகிராமே. கண்பார்வையைக் காக்கும் வைட்டமின் ஏ-யாக உடலில் மாறும் சத்தும், கருவுற்றோர்க்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலமும் கீரைகளில் உண்டு.

எனினும், கீரையின் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சைச்சாறு, நெல்லிக்காய், இறைச்சி ஆகியவை உடன் சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். உண்டவுடன் தேநீர் அருந்தும் வழக்கம் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துவோம். கீரையைக் கழுவிய பின் நறுக்கி, சிறிது எண்ணெய் சேர்த்து, வெந்த நீரை வடிக்காமல் சமைப்போம். இரத்தசோகை கண்டவர்களுக்குக் கீரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து, மருத்துவர் தரும் மாத்திரைகளையும் உட்கொள்ள வேண்டும்.

ஒன்றை மனம்விட்டுக் கூறுகிறோம். பல இல்லங்களில் ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதே பெண்களின் உணவாகிறது. சமைத்தவரின் தட்டில் இல்லாத கீரையால் அவருக்கு என்ன பயன்? குடும்பத்தாரின் நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

ஆகவே, ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு முருங்கைப் போத்து நடுவோம். பள்ளிவாசல் வளாகத்திலும் நடுவோம். நட்ட மரத்தின் பயனைப் பிறர் உண்டால் அதுவும் தர்மமே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. வீட்டில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் ஒரு பிடி முருங்கைக்கீரை சேர்ப்போம். வீட்டுப் பெண்களையும் உடன் அமர்த்தி உண்போம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நிறைவான உடல்நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.