ஆளைப் பார்க்காதீர்கள், நாற்காலியைக் கேளுங்கள்



வாழ்த்துச் சொல்ல நான் மேடை ஏறவில்லை. வாழ்த்தெல்லாம் போதுமான அளவு சொல்லியாகிவிட்டது. 2025 மே 13ஆம் தேதி கனடாப் பிரதமர் மார்க் கார்னி தன் அமைச்சரவையை அறிவித்தார். 28 அமைச்சர்கள், அவர்களுக்குக் கீழே 10 இராஜாங்கச் செயலாளர்கள். பொதுப் பாதுகாப்பு கெரி ஆனந்தசங்கரியிடம் போனது. வெளிவிவகாரம் அனிதா ஆனந்திடம் போனது. ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து 1983இல் இந்த நாட்டுக்கு வந்தவர். மற்றவர் தகப்பன் வழியில் தமிழர். அன்றிரவு மொன்றியலில் எத்தனை வீடுகளில் அந்தப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி போயிருக்கும்! அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லமாட்டேன். 83இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த சனம் நாங்கள். ஒட்டாவாவில் எங்கள் பிள்ளைகள் பதவிப் பிரமாணம் எடுப்பதைப் பார்த்துக் கண் கலங்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் சரியாக மூன்று கிழமை கழித்து, ஜூன் 3ஆம் தேதி என்ன நடந்தது? அதை எத்தனை பேர் கவனித்தீர்கள்?

அன்றைக்குத்தான் சி-2 என்ற எல்லைப் பாதுகாப்பு மசோதா மக்களவைக்கு வந்தது. கொண்டுவந்தது பொதுப் பாதுகாப்பு அமைச்சர். எதிர்ப்பு வந்ததும் அதன் பல பகுதிகளைப் பிரித்தெடுத்து அக்டோபர் 8ஆம் தேதி சி-12 என்று இன்னொரு மசோதா போட்டார்கள். அது டிசம்பரில் மக்களவையைத் தாண்டி செனட்டுக்குப் போனது. அதற்குள் இருக்கிற ஒரு விதியை மட்டும் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். 2020 ஜூன் 24க்குப் பிறகு கனடாவுக்கு வந்த ஒருவர், முதல் தடவை வந்து ஒரு வருடம் கழிந்தபின் அகதிக் கோரிக்கை வைத்தால், அந்தக் கோரிக்கை குடிவரவு அகதிகள் சபைக்கு, நாங்கள் ஐ.ஆர்.பி. என்கிறோமே, அங்கே போகாது. விசிட்டர் விசாவில் வந்தவருக்கும் இதுதான், படிக்க வந்த பிள்ளைக்கும் இதுதான். ஊர் நிலைமை பிறகு மாறி, திரும்பிப் போனால் ஆபத்து என்று ஆகிவிட்டாலும் இதுதான். நாடு கடத்துவதற்கு முன் ஆபத்து உண்டா என்று பார்க்கும் மதிப்பீடு ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அந்த மதிப்பீட்டைச் செய்கிறவர் யார்? குடிவரவுத் திணைக்களத்தின் அதிகாரி.

அதாவது, அமைச்சருக்குக் கட்டுப்படாத ஒரு சபையின் கையிலிருந்து முடிவை எடுத்து, அமைச்சருக்குக் கீழே சம்பளம் வாங்குகிற ஒருவரின் மேசையில் வைக்கிறார்கள். இது சின்ன நிர்வாக மாற்றமா? நாற்பது வருடத்துக்கு முன் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அகதிகள் போராடி வென்றது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

1985க்கு முன் நிலைமை என்ன? அகதி வாயால் சொன்னதைத் தட்டச்சில் அடித்து ஒட்டாவாவுக்கு அனுப்புவார்கள். ஒரு ஆலோசனைக் குழு அந்தத் தாள்களைப் படிக்கும். அமைச்சரின் பெயரில் முடிவு வரும். முடிவு எடுத்தவர் அகதியின் முகத்தைக் கண்டதில்லை. சத்நாம் சிங் உள்ளிட்ட சிலர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். எதிர்வாதி யார் தெரியுமா? வேலைவாய்ப்பு குடிவரவு அமைச்சர். 1985 ஏப்ரல் 4ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒருவர் சொல்வது உண்மையா பொய்யா என்பதில் அவர் உயிர் தங்கியிருந்தால், அவரை நேரில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தத் தீர்ப்பின் பிள்ளைதான் 1989 ஜனவரியில் பிறந்த ஐ.ஆர்.பி. இங்கே மொன்றியலில், ரெனே லெவெக் வீதியில், கீ-ஃபாவ்ரோ கட்டடத்தில் அவர்களின் அலுவலகம் இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் அகதிக் கோரிக்கைத் தாளான பிரவுன் பேப்பரைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டை வறண்டு கதை சொன்னவர்கள்! உங்களை ஒருவர் நேருக்கு நேர் கேட்டார். நீங்கள் இன்றைக்கு இங்கே இருப்பது அதனால்தான்.

சரி, இப்போது இரண்டு பகுதியார் எழும்புவார்கள். ஒரு பகுதி, “எங்கள் ஆள் அமைச்சராக இருக்கிறார், எதிர்த்துப் பேசாதே” என்று சொல்லும். மறுபகுதி, “துரோகி” என்று சொல்லும். இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. இரண்டு பேரும் ஆளைப் பார்க்கிறார்கள், நாற்காலியைப் பார்க்கவில்லை. பொதுப் பாதுகாப்பு என்பது பொலிசும் எல்லைக் காவலும் சிறையும் உளவும் சேர்ந்த அமைச்சு. 2003 டிசம்பரில் பிரதமர் போல் மார்ட்டின் அதை இன்றைய வடிவில் உருவாக்கினார். அந்தக் கண்ணாடியைப் போட்டால் அகதி கண்ணுக்குத் தெரியமாட்டார், எல்லை மீறினவர்தான் தெரிவார். அதில் யார் போய் உட்கார்ந்தாலும் அந்தக் கோப்புத்தான் கைக்கு வரும். ஆகவே நான் கேட்பது இதுதான்: அகதியின் தலைவிதியை எழுதும் விதி எதற்காகப் பொலிஸ் அமைச்சரின் மசோதாவுக்குள் வந்தது?

இந்த நாட்டில் முன்பும் ஒருதரம் இப்படிச் செய்தார்கள். 1993இல் பிரதமர் கிம் காம்பெல் அமைச்சுகளைச் சுருக்கினார். குடிவரவைத் தூக்கி, பொதுப் பாதுகாப்பு என்று அன்று அமைத்த ஒரு அமைச்சோடு சேர்த்தார். வந்தேறியைக் குற்றவாளியோடு ஒரே பெட்டியில் போடுகிறாயா என்று சனம் கேட்டது. அந்த நவம்பரில் ஆட்சிக்கு வந்த ஜோன் கிரெத்தியென் குடிவரவை அதிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தார். கேட்டால் மாறும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அமைச்சுகளை இப்படிக் கலப்பது என்னவென்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2020 ஜூனில் இலங்கையின் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கு என்று ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச ஒரு செயலணி அமைத்தாரே, அதற்குத் தலைவர் யார்? ஒரு பேராசிரியரா? பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன. தொல்பொருளைப் பாதுகாப்புக்குக் கீழே வைத்தபோதே எங்கள் சனத்துக்கு விளங்கிவிட்டது, தேடுவது பழைய கல்லை அல்ல, எங்கள் காணியை என்று. வன்னியில் எந்த அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். இந்த வேலி வனவளத் திணைக்களம் போட்டது, அந்தப் பலகை தொல்பொருள் திணைக்களம் நட்டது, அங்கால் முகாம் என்று விரலை நீட்டிச் சொல்லுவா. கனடாவும் இலங்கையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே கேட்டவன் காணாமல் போனான். இங்கே கேட்டால் பதில் சொல்ல அமைச்சர் கடமைப்பட்டவர். அங்கே உயிருக்குப் பயந்துகொண்டும் திணைக்களத்தின் பெயரைத் தெரிந்துவைத்திருந்த நாங்கள், பயமில்லாத இந்த நாட்டில் ஏன் தெரியாமல் இருக்கிறோம்?

தெரியாததால் என்ன நடக்கிறது? கோட்-டி-நேஜில் இருக்கிற ஒரு தங்கச்சி ஊரிலிருக்கும் கணவனைக் கூப்பிடப் பார்க்கிறாள் என்று வையுங்கள். ஒட்டாவாவில் ஒரு விண்ணப்பம், கியூபெக் அரசின் குடிவரவு அமைச்சில் ஒரு பொறுப்பேற்பு. 2024 ஜூன் 26இலிருந்து இரண்டு வருடத்துக்கு 13,000 பொறுப்பேற்பு விண்ணப்பத்துக்கு மேல் வாங்கமாட்டோம் என்று கியூபெக் பூட்டுப் போட்டது. அவளோ எம்.பி. அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறாள். எம்.பி. கூட்டாட்சிக்காரர், பூட்டைப் போட்டது மாகாணம். அவள் போக வேண்டியது மாகாண உறுப்பினரிடம். யாராவது அவளுக்கு இதைச் சொன்னோமா?

அமைச்சரோடு படம் எடுத்தால் காரியம் ஆகும் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பார்க் எக்ஸ்டென்ஷன் மக்களே, 2015இலிருந்து 2025 வரை இந்த நாட்டின் பிரதமரே உங்கள் எம்.பி. உங்கள் பப்பினோ தொகுதி அப்போது ஜஸ்டின் ட்ரூடோவினுடையது. அந்தக் காலத்தில் குடிவரவு அமைச்சர்கள் யார் யார்? மக்கலம், ஹுசன், மெண்டிசினோ, ஃபிரேசர், மார்க் மில்லர். பிறகு கார்னியின் கீழ் ரேச்சல் பெண்டயன் இரண்டே மாதம், அதற்குப் பிறகு லீனா டியாப். 2015க்கும் 2025க்கும் இடையில் ஏழு பேர். மில்லரும் பெண்டயனும் மொன்றியல் எம்.பி.மார். ஏழு பேரோடும் கைகுலுக்கியிருக்கலாம், கோப்பு அதே திணைக்களத்தில் அதே வரிசையில்தான் கிடக்கும்.

ஏதாவது அசைந்திருந்தால், அது நாற்காலியைக் கேட்டதால் அசைந்தது. 2012இல் அன்றைய குடிவரவு அமைச்சர் ஜேசன் கெனி அகதிகளின் மருத்துவச் செலவை வெட்டினார். அந்தத் திட்டம் சுகாதார அமைச்சின் கையில் இல்லை, குடிவரவு அமைச்சின் கையில் இருக்கிறது என்பதை மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் சரியாகக் கண்டுபிடித்து, அந்த அமைச்சையே நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். வெள்ளை மேலங்கியோடு மருத்துவர்கள் தெருவில் நின்றார்கள். 2014 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வெட்டைக் கொடுமை என்று தீர்த்தது. 2016 ஏப்ரலில் முழுவதும் திரும்பி வந்தது. அன்றைக்கு அமைச்சரவையில் தமிழர் யாரும் இல்லை.

ஆகவே கெரி ஆனந்தசங்கரியிடம் தமிழர் என்பதற்காக ஒரு சலுகையும் கேட்காதீர்கள். புலிகள் இயக்கம், உலகத் தமிழர் இயக்கம் தொடர்பான விஷயங்களிலிருந்து அவர் பதவியேற்றதுமே தன்னை விலக்கிக்கொண்டார், அது முறைதான். ஆனால் மசோதா அவர் பெயரில் வந்தது. அதிலிருந்து விலக முடியாது. அதற்கு அவர் பதில் சொல்லட்டும், தமிழனாக அல்ல, அமைச்சராக.

வாசலில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் கூட்டாட்சிக்கான கடிதம், மற்றதில் கியூபெக்குக்கான கடிதம். மாறி எடுத்துவிடாதீர்கள். கூட்டாட்சிக் கடிதத்தில் உங்கள் எம்.பி.யின் பெயரை நீங்களே எழுதுங்கள். மொன்றியலுக்குள் பல தொகுதிகள், உங்களுடையது எதுவென்று தம்பிமார் தபால் குறியீட்டை வைத்துப் பார்த்துச் சொல்லுவார்கள். பொதுப் பாதுகாப்பு அமைச்சருக்கும் குடிவரவு அமைச்சருக்கும் ஒவ்வொரு பிரதி போக வேண்டும். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுவார், இரண்டு பேரையும் ஒன்றாகக் கேட்டால் அது நடக்காது. கேள்வி மூன்று வரிதான். ஐ.ஆர்.பி.க்கு அனுப்பாமல் நிறுத்துகிற ஒவ்வொரு ஆளையும் யார் நேரில் உட்காரவைத்துக் கேட்கப் போகிறார்? அப்படிக் கேட்கிறவருக்கு, அமைச்சருக்கு முன்னால் முடியாது என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறதா? ஒருவரைப் பிழையாகத் திருப்பி அனுப்பினால், இரண்டு அமைச்சர்களில் யார் மக்களவையில் எழுந்து நின்று பதில் சொல்வார்?

பதில் கையொப்பத்தோடு வரவேண்டும் என்று கடைசி வரியில் எழுதுங்கள். வந்த பதிலைத் திரும்ப இந்த மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். இதே மேடையில் வாசிப்போம்.