பன்றியின் குருதியை ஆராயும் சோதனைப்பொருள்கள்

கண்டிக்கு அணித்தாக, பேராதனைப் பூங்காவுக்கு எதிரே மகாவலி கங்கையின் மறுகரையில் உள்ளது கன்னொறுவை. கால்நடைகளின் பிணிகளை ஆராயும் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் அமைந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கையில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. மருந்தில்லாத இந்நோய் பட்டியையே காலியாக்கிவிடும்.

பன்றியின் உடலில் வைரசு உண்டா என்று அறிவது ஒன்று; அவ்வுடல் அதனை எதிர்க்கின்றதா என்று அறிவது வேறு. பின்னதற்கு வெண்குழியங்களை இனம் பிரிக்க வேண்டும். அவற்றுட் பல நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே தோன்றும். ஓரினத்தின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியில் ஒளிருஞ் சாயம் ஏற்றினால், அவ்வினம் தானே வெளிப்படும். இத்தகைய சோதனைப்பொருளை ஆக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் வெளியிட்டனர். சுண்டெலியின் உடலிற் பன்றிக் குழியங்களைச் செலுத்தி, பின்னர் அதன் மண்ணீரற் கலங்களைப் புற்றுக் கலங்களோடு இணைத்து வளர்ப்பர்.

மனிதனுக்கும் எலிக்கும் இவை ஏராளம். பன்றிக்கோ மிகக் குறைவு. ஒன்றற்குரியது மற்றதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. பன்றியும் எளிய பிராணியன்று! மனிதக் குருதியிற் சீடி-4, சீடி-8 என்னும் புரதங்களைப் பெரும்பாலும் வெவ்வேறு குழியங்களே தாங்கும். பன்றியிற் பல குழியங்கள் இரண்டையும் ஒருங்கே தாங்கும்.

2005இல் இங்கிலாந்தின் பேர்பிரைட் ஆய்வாளர், காப்புப் பெற்ற பன்றிகளின் சீடி-8 குழியங்களை இத்தகைய பிறபொருளெதிரியால் அகற்றினர். அப்பன்றிகள் இக்காய்ச்சலுக்கெதிரான முழுக் காப்பை இழந்தன. ஆதலின் தடுப்பூசியொன்று கன்னொறுவைக்கு வருமாயின், அது இக்குழியங்களை எழுப்பிற்றா என்றே முதலிற் பார்த்தல் வேண்டும்.