பாட்டிலுக்குள் எவ்வளவு சர்க்கரை?

(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரவு செலவுக் கணக்கு வாசித்து முடித்து டீ வருவதற்குள் பதினைந்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். தலைப்பை நான் எடுக்கவில்லை, அது தானாக வந்தது. போன மாதம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். நம் பிளாக் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து, "அங்கிள், வீட்டிலேயே பீர் போடலாமாம், வீடியோ பார்த்தேன். மால்ட், ஈஸ்ட் எல்லாம் ஆன்லைன்லயே வருது. உங்களுக்குத்தான் இந்தப் புளிக்க வைக்கிற சமாச்சாரமெல்லாம் தெரியுமே" என்றார். பெயரைச் சொல்ல மாட்டேன். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் தம்பி. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கடையில் வாங்கலாம், ஆனால் வீட்டில் தயாரிக்கக் கூடாது. "ஒரே ஒரு பாட்டில், எனக்கு மட்டும்" என்பதற்கு அதில் இடம் இல்லை. நீங்கள் பார்க்கிற வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருபவை. இங்கிலாந்தில் 1963இலும், அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகும், வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் போட வழி பிறந்தது. அந்த ஊர்ச் சட்டம் மேச்சேரிக்குச் செல்லாது.

இன்னொன்று, இந்தச் சட்டம் நமக்கு எங்கோ தூரத்திலிருந்து வந்ததல்ல. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. அப்போது பிரதமராக இருந்தவர் ராஜாஜி. அதற்கும் முன்னால் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமத்தில் இருந்துகொண்டு, மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் வேலை பார்த்தார். அந்தச் சட்டம் சரியா தப்பா என்று இங்கே பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை, வைத்தால் டீ ஆறிப்போகும்.

ஆனால் தம்பியின் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்கு உண்மையில் வேண்டியது போதை இல்லை. ஒரு பாட்டிலில் எதையோ ஊற்றி மூடி வைத்து, மறுநாள் திறந்தால் 'புஸ்' என்று நுரை வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இஞ்சி போதும். இஞ்சி பீர் என்று பெயர். இலங்கைக்குப் போய் வந்தவர்கள் யானை மார்க் இஞ்சி பீரைக் குடித்திருப்பீர்கள். அதை வீட்டில் எப்படிப் பத்திரமாகச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. 'பத்திரமாக' என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முதல் தடவை பத்திரமாகச் செய்யவில்லை.

சித்திரை மாதம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சர்க்கரை, இஞ்சி, எலுமிச்சை, ஈஸ்ட். வீடியோவில் சொன்ன அளவுதான். காலியான கண்ணாடி ஸ்குவாஷ் பாட்டில் இரண்டில் ஊற்றி, மூடியை இறுக்கிச் சமையலறைப் பரண் மேல் வைத்தேன். வீடியோவில் "நான்கைந்து நாள் விடுங்கள்" என்றார்கள். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று. கீழ் வீட்டுக்காரர் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று மனைவி மக்களோடு தெருவுக்கே ஓடிவிட்டார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் எதிர்ச் சுவர்ப் பூச்சில் கண்ணாடிச் சில்லு குத்தி நிற்கிறது. பேரன் கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். சாயங்காலம் முழுக்க அந்தப் பரணுக்குக் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினான். நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன்ங்க. என் மனைவி அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

என்ன தப்பு நடந்தது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டு பொருளைத் தருகிறது. ஏறக்குறைய பாதி எடைக்கு ஆல்கஹால், பாதி எடைக்குக் கரியமில வாயு. 100 கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் வரும் வாயு 28 லிட்டருக்குக் குறையாது. ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் 28 லிட்டர் வாயு! அதில் கால்வாசி புளித்தாலே கார் டயரில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல் அழுத்தம் வந்துவிடும். ஸ்குவாஷ் பாட்டில் அதற்காகச் செய்ததல்ல.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. கள் இறக்கும் கலயத்தை யாரும் இறுக்கி மூடுவதில்லை. இட்லி மாவுப் பாத்திரத்தின் மேல் தட்டைத்தான் கவிழ்க்கிறோம், பொங்கினால் வழிந்து போகட்டும் என்று. பதநீர் புளிக்கக் கூடாது என்றால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினார்கள். திறந்திருக்கும்வரை புளிப்பு சாது. மூடி போட்ட பிறகுதான் அதற்கு முரட்டுத்தனம் வருகிறது. ஆகவே முழு விஷயமும் பாட்டிலில் அடைப்பதில்தான் இருக்கிறது.

அடுத்த தப்பு வெயில். அந்த ஊர்க்காரர்கள் 18, 20 டிகிரியில் புளிக்க வைக்கிறார்கள். நம் சமையலறை சித்திரையில் 35 டிகிரி. அவர்களுக்கு நான்கு நாள் என்றால் நமக்கு ஒரே நாள். இட்லி மாவு மார்கழியில் ஏன் பொங்க மாட்டேன் என்கிறது, சித்திரையில் ஏன் விடிவதற்குள் தரைக்கு இறங்கி வருகிறது என்பது நம் வீட்டு அம்மாக்களுக்குத் தெரியும். அந்த அறிவை இங்கேயும் பயன்படுத்துங்கள், வீடியோவில் சொல்கிற நாள் கணக்கை மறந்துவிடுங்கள்.

அதற்கப்புறம் நான் கண்டுகொண்ட வழி இதுதான். பீர் போடுகிறவர்கள் முதலில் திறந்த வாக்கில் புளிக்க விட்டுவிட்டு, பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காக மட்டும் அளந்து கொஞ்சம் சர்க்கரை போடுவார்கள். அந்தக் கடைசிப் படியை மட்டும் நாம் கடன் வாங்குவோம். பாட்டிலுக்குள் போடும் சர்க்கரை நுரைக்கு மட்டும். இனிப்பு வேண்டுமென்றால் குடிக்கும்போது டம்ளரில் போட்டுக்கொள்ளலாம்.

நுரைக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு லிட்டருக்கு 7 கிராம். தராசு இல்லாதவர்களுக்குத் தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன். ஈஸ்ட் அதை முழுக்கத் தின்றாலும் வரும் வாயு சுமார் இரண்டு லிட்டர். அழுத்தம் ஏறக்குறைய கார் டயர் அளவுதான். ஆல்கஹால் அரை சதவீதத்தைத் தாண்டாது. தின்பதற்குச் சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் தானே நின்றுவிடும். நீங்கள் மறந்து ஊருக்குப் போனாலும் பரணில் குண்டு வைத்த பயம் இல்லை.

இனி செய்முறை. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். தோல் சீவ வேண்டாம், கழுவினால் போதும். காவிரிக் குழாய்த் தண்ணீரே போதும், கொதிக்கும்போது குளோரின் வாசனை போய்விடும். வடிகட்டி நன்றாக ஆற விடுங்கள். விரலை வைத்தால் சுடக் கூடாது. சுட்டால் ஈஸ்ட் செத்துப்போகும், "எனக்கு வரவே இல்லை சார்" என்று என்னிடம் வருவீர்கள். ஆறியதும் ஒரு எலுமிச்சம்பழச் சாறு, 7 கிராம் வெள்ளைச் சர்க்கரை, பேக்கரிக்கு உபயோகிக்கும் உலர் ஈஸ்ட் ஒரு சின்னச் சிட்டிகை. கலக்கிப் பாட்டிலில் ஊற்றுங்கள். கழுத்துக்குக் கீழே மூன்று விரல் இடம் விடுங்கள்.

பாட்டில் எது என்பதில் சமரசம் கிடையாது. கூல்டிரிங்க்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில் மட்டும். அது அழுத்தத்துக்கென்றே செய்தது. மெல்லிய தண்ணீர் பாட்டில் வேண்டாம், கண்ணாடி வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பிரஷ், பிறகு நன்றாக அலசிக் கவிழ்த்து உலர வைத்தால் போதும். இரண்டு மூன்று நாளில் குடித்துவிடப் போகிறோம்.

பிளாஸ்டிக்கில் இன்னொரு லாபம், அமுக்கிப் பார்க்கலாம். ஊற்றிய அன்று பாட்டில் மெத்தென்று இருக்கும். கோடையில் மறுநாள் காலையிலேயே கல் மாதிரி ஆகிவிடும், மார்கழியில் இரண்டு நாள் பிடிக்கும். கல் மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த பிறகு சிங்க் மேல் பிடித்து மூடியை மெல்லத் திருகுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது ஈஸ்ட். அந்தக் கடைசி இரண்டு விரல் அளவைக் கொட்டிவிடுங்கள், குடித்தால் வயிறு பொருமும். டம்ளரில் நாட்டுச் சர்க்கரைப் பாகு இரண்டு ஸ்பூன் போட்டு, மேலே ஊற்றிக் குடித்துப் பாருங்கள்.

இங்கே எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. "கொஞ்சம் மாம்பழச் சாறு சேர்த்தேன்", "நன்னாரி சர்பத் ஒரு மூடி விட்டேன்" என்பார்கள். அவற்றிலும் சர்க்கரைதான் இருக்கிறது! அளந்த ஏழு கிராமுக்கு அர்த்தமே போய்விடும். எதைச் சேர்ப்பதானாலும் டம்ளரில் சேருங்கள்.

ஒரு சின்னச் சரித்திரம். பழைய காலத்தில் இங்கிலாந்தில் இஞ்சி பீருக்கு ஒரு 'செடி' வைத்திருந்தார்கள். உண்மையில் அது செடி இல்லை, சவ்வரிசி மாதிரி வழுவழுப்பான உருண்டைகள். அது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்று 1892இல் எழுதிக் காட்டியவர் மார்ஷல் வார்டு. அவர்தான் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் இலங்கைக்கு வந்து, காப்பிச் செடியை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவர். இலங்கை காப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறிய கதையில் வருகிற மனிதர், இஞ்சி பீர் கதையிலும் வருகிறார். எனக்கு இது பிடித்திருந்தது, அதனால் சொன்னேன்.

கடைசியாக, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரை சதவீதத்துக்கு மேல் போனால்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு தரவிதிகள் மதுபானம் என்கின்றன. நாம் அதற்குள் நிற்கிறோம். ஆனால் நம் மாநில மதுவிலக்குச் சட்டத்தில் 'மது' என்பதன் விளக்கம் அதைவிட அகலமானது. ஆகவே இதை விற்பது, ஸ்டால் போடுவது, சர்க்கரையைக் கூட்டி "கொஞ்சம் கிக்" பார்ப்பது எதுவும் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தர வேண்டாம். குடியை விட்டு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் இதை வைக்கவே வேண்டாம். அவர்களில் சிலருக்கு டைசல்ஃபிரம் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அதைச் சாப்பிடுபவர் உடம்புக்குள் துளி ஆல்கஹால் போனாலும் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரும். விருந்தாளி வந்தால் "இது புளிக்க வைத்தது" என்று சொல்லிவிட்டு நீட்டுங்கள். விரதக்காரர் என்றால் அவரே தீர்மானிக்கட்டும். அதுகூட வேண்டாம் என்பவர்களுக்குச் சுலபமான வழி, இஞ்சி எலுமிச்சைப் பாகு காய்ச்சி வைத்துக்கொண்டு கடைச் சோடாவை ஊற்றிக் கலப்பது. என் வீட்டில் பேரனுக்கு இப்போது அதுதான்.

தம்பி இன்னொன்றும் கேட்டார், "வீட்டில் புளிக்க வைத்தால் கள்ளக்குறிச்சி மாதிரி விஷமாகிவிடுமா?" என்று. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தது ஈஸ்ட்டால் அல்ல. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனாலைச் சாராயம் என்று கொடுத்ததால். சர்க்கரையும் ஈஸ்ட்டும் மெத்தனாலைத் தருவதில்லை. ஆனால் புளித்ததைக் காய்ச்சி வடிக்கும் யோசனை யாருக்காவது வந்தால், அதை இந்தக் கூட்டத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நம் குடியிருப்புக்காக ஒரு வேண்டுகோள். பாட்டிலை மாடியில் வெயிலில் வைக்காதீர்கள், மின்மீட்டர் அறையில் வைக்காதீர்கள், பொது நடையில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஊற்றிய தேதியை எழுதி ஒட்டுங்கள். முதல் தடவை ஒரே ஒரு பாட்டில் போடுங்கள்.

மூன்று பாட்டில் கொண்டுவந்து பின்னால் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன், பாகு தனியாக இருக்கிறது. முதல் பாட்டிலைத் தம்பியே திறக்கட்டும். மெல்லத் திருகச் சொல்லியிருக்கிறேன்.